ஆங்கிலத்தில் உடைமைத் தொடர்கள்

ஆங்கிலத்தில் உடைமைத் தொடர்கள் என்பவை, ஒரு பொருள், ஆள், இடம் அல்லது பண்பு இன்னொருவருக்கு உரியது என்பதையோ அவருடன் தொடர்புடையது என்பதையோ காட்டும் சொற்களும் சொற்றொடர்களும் ஆகும். 'மை புக்' (என் புத்தகம்), 'த கிங்ஸ் ஹவுஸ்' (அரசனுடைய வீடு), 'த லெக் ஆஃப் த டேபிள்' (மேசையின் கால்) ஆகியன இவற்றுக்கு எளிய எடுத்துக்காட்டுகள். இவை 'உடைமை' என்ற பெயரால் அழைக்கப்பட்டாலும், சட்டப்படியான சொத்துரிமை இவை உணர்த்தும் பல பொருள்களில் ஒன்று மட்டுமே. உறவுமுறை, உடலுறுப்பு, உறுப்பாண்மை, படைப்பு, கால அளவு போன்ற பல தொடர்புகளை ஒரே வடிவம் குறிக்கிறது. எது உண்மையான உரிமை, எது வெறும் தொடர்பு என்பதை இலக்கணம் கூறுவதில்லை. சூழலும் வழக்காறும் சட்டமுமே அதை முடிவு செய்கின்றன.

பெயர்

ஆங்கில இலக்கண நூல்களில் இவ்வடிவத்துக்கு 'பொசெசிவ்', 'ஜெனிட்டிவ்' என இரு பெயர்கள் வழங்குகின்றன. முதலாவது 'உடைமை கொள்ளல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. இரண்டாவது இலத்தீன் இலக்கணத்தில் ஒரு வேற்றுமையின் பெயராகும். பள்ளிப் பாடநூல்களில் முதற்பெயரே பெரிதும் வழங்குகிறது. எனினும் இவ்வடிவம் உடைமைக்கு அப்பாற்பட்ட பல தொடர்புகளைக் குறிப்பதால், மொழியியலாளர் பலர் இரண்டாவது பெயரை விரும்புகின்றனர்.

வடிவங்கள்

மூவிடப் பெயர்களின் உடைமை வடிவங்கள்

ஆங்கிலத்தில் மூவிடப் பெயர்களுக்கு இருவகை உடைமை வடிவங்கள் உள்ளன. முதல் வகை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். இரண்டாம் வகை தனித்து நிற்கும்.

- தன்மை ஒருமை: 'மை' (என்), 'மைன்' (என்னுடையது)
- தன்மைப் பன்மை: 'ஔர்' (எங்கள், நம்), 'ஔர்ஸ்' (எங்களுடையது, நம்முடையது)
- முன்னிலை: 'யுவர்' (உன், உங்கள்), 'யுவர்ஸ்' (உன்னுடையது, உங்களுடையது)
- படர்க்கை ஆண்பால்: இரு இடத்தும் 'ஹிஸ்'
- படர்க்கைப் பெண்பால்: 'ஹர்', 'ஹர்ஸ்'
- படர்க்கை அஃறிணை ஒருமை: 'இட்ஸ்' (தனித்து நிற்பது மிக அரிது)
- படர்க்கைப் பன்மை: 'தேர்', 'தேர்ஸ்'

எஸ் விகுதி

பெயர்ச்சொல்லின் பின் அப்பாஸ்ட்ரபி எனப்படும் மேற்குறியும் எஸ் எழுத்தும் சேர்வது மற்றொரு முறை. எஸ் எழுத்தில் முடியும் பன்மைப் பெயருக்கு மேற்குறி மட்டும் போதும். எனவே ஒரு மாணவனின் புத்தகங்கள், பல மாணவர்களின் புத்தகங்கள் ஆகிய இரண்டும் ஒலிப்பில் ஒன்றாகவே இருக்கும். எழுத்தில் மேற்குறி நிற்கும் இடமே அவற்றை வேறுபடுத்தும்.

இவ்விகுதி தனிச்சொல்லோடு மட்டுமன்றி முழுத் தொடரின் இறுதியிலும் சேரும். 'த கிங் ஆஃப் இங்கிலண்ட்ஸ் டாட்டர்' என்னும் தொடரில் விகுதி 'இங்கிலண்ட்' என்ற சொல்லோடு ஒட்டியுள்ளது. ஆனால் மகள் இங்கிலாந்துக்கு உரியவள் அல்லள், அரசனுக்கே உரியவள். இதனால் இன்றைய ஆங்கிலத்தில் எஸ் விகுதியை வேற்றுமை உருபு எனக் கொள்வதா, தொடரோடு ஒட்டும் இடைச்சொல் எனக் கொள்வதா என்பது மொழியியலில் விவாதத்துக்குரியதாக உள்ளது.

'ஆஃப்' தொடர்

'ஆஃப்' என்னும் முன்னிடைச்சொல்லும் உடைமையைக் காட்டும். பொதுவாக மக்களைக் குறிக்கும் பெயர்களோடு எஸ் விகுதியும், உயிரற்ற பொருள்களோடு 'ஆஃப்' தொடரும் விரும்பப்படுகின்றன. எனினும் 'டுடேஸ் நியூஸ்பேப்பர்' (இன்றைய செய்தித்தாள்), 'எ வீக்ஸ் லீவ்' (ஒரு வார விடுப்பு) போன்ற காலத்தொடர்களில் எஸ் விகுதியே இயல்பானது. 'டேபிள் லெக்' (மேசைக்கால்) என்பதுபோல் எந்தக் குறியும் இன்றித் தொகையாக வருவதும் உண்டு.

இரட்டை உடைமை

'எ ஃபிரெண்ட் ஆஃப் மைன்' (என் நண்பர்களுள் ஒருவர்) என்னும் தொடரில் 'ஆஃப்' சொல்லும் உடைமை வடிவமும் சேர்ந்தே வருகின்றன. இது மிகை போலத் தோன்றினாலும் சில இடங்களில் பொருளை வேறுபடுத்துகிறது. 'எ பிக்சர் ஆஃப் ஜான்' என்பது ஜானைக் காட்டும் படம். 'எ பிக்சர் ஆஃப் ஜான்ஸ்' என்பது ஜானிடம் உள்ள, அல்லது அவர் உருவாக்கிய ஒரு படம்.

'ஓன்' என்னும் சொல்

'மை ஓன் ஹவுஸ்' (என் சொந்த வீடு) என்பதில் உள்ள 'ஓன்' உடைமையை வலியுறுத்துகிறது. இச்சொல்லுக்கு முன்னால் ஓர் உடைமை வடிவம் வருவது இன்றியமையாதது. 'சொந்த வீடு' என்ற தமிழ்த் தொடரை நினைத்து வெறும் 'ஓன் ஹவுஸ்' என்று எழுதுவது தமிழ் பேசுவோரிடம் காணப்படும் பிழையாகும். 'ஔர் ஓன் ஹவுஸ்' அல்லது 'எ ஹவுஸ் ஆஃப் ஔர் ஓன்' என்பதே மரபு.

உடைமை வினைகள்

'ஹேவ்' என்பது மிகப் பரந்த பொருளுடையது. வீடு, தம்பி, காய்ச்சல், ஐயம் ஆகிய அனைத்தையும் ஆங்கிலத்தில் 'ஹேவ்' செய்யலாம். 'ஓன்' என்னும் வினை சொத்துரிமையை மட்டும் சுட்டும். எனவே 'ஐ ஹேவ் எ பிரதர்' (எனக்கு ஒரு சகோதரன் உண்டு) சரியான தொடர். அதில் 'ஹேவ்' இருந்த இடத்தில் 'ஓன்' வைத்தால், சகோதரனை விலைக்கு வாங்கியதாகப் பொருள்படும். 'பொசெஸ்' பெரும்பாலும் எழுத்து நடைக்கும் சட்ட நடைக்கும் உரியது. சட்டத்தில் கைவசம் வைத்திருத்தலும் உரிமையுடைமையும் வெவ்வேறானவை. வாடகைக்குக் குடியிருப்பவரிடம் வீடு கைவசம் உள்ளது, ஆனால் உரிமை வீட்டுக்காரரிடம் உள்ளது. இருவருமே அதனை 'மை ஹவுஸ்' என்று கூறலாம்.

'பிலாங் டு' என்பதில் பொருள் எழுவாயாகவும் உரியவர் பின்னாலும் வருவர். ஒரு சீருந்து ஒரு பெண்ணுக்கு 'பிலாங்' ஆகிறது என்றால் அது அவருடைய சொத்து. அப்பெண் ஒரு கழகத்துக்கு 'பிலாங்' ஆகிறார் என்றால் அவர் அதன் உறுப்பினர் மட்டுமே. இவ்வினையிலிருந்து பிறந்த 'பிலாங்கிங்' என்னும் பெயர், ஓரிடத்தையோ கூட்டத்தையோ சார்ந்திருக்கும் உணர்வைக் குறிக்கும். அதன் பன்மையான 'பிலாங்கிங்ஸ்' ஒருவர் எடுத்துச் செல்லக்கூடிய உடைமைகளைக் குறிக்கும்.

பழைய ஆங்கிலத்தில் 'ஆகன்' என்னும் வினை 'உடைத்தாயிரு' எனப் பொருள்பட்டது. கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் இன்றைய 'ஓ' என்னும் வினையும், கடமையைக் குறிக்கும் 'ஆட்' என்னும் துணைவினையும் அதிலிருந்தே வந்தவை. 'ஓன்' என்னும் சொல்லும் அதே வேரைச் சேர்ந்தது. உடைமை, கடன், கடமை ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே வேரில் கிளைத்துள்ளன. தமிழில் 'கடன்' என்ற ஒரே சொல் திருப்பித் தரவேண்டிய பொருளையும் செய்யவேண்டிய கடமையையும் குறிப்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

உணர்த்தும் பொருள்கள்

உடைமைத் தொடர்கள் உணர்த்தும் முதன்மையான தொடர்புகள் பின்வருமாறு:

- சொத்துரிமை: உழவரின் நிலம்
- உறவுமுறை: அவளுடைய தாய்
- உடலுறுப்பு அல்லது பகுதி: அவனுடைய கை
- பண்பு: அவர்களின் துணிவு
- படைப்பு: சேக்சுபியரின் நாடகங்கள்
- வினைசெய்தவர்: படையின் வருகை
- வினைக்கு உட்பட்டவர்: கைதியின் விடுதலை
- காலம், அளவு: இரண்டு நாள் பயணம்
- வழக்கமான தொடர்பு: 'மை டிரெயின்' (நான் செல்லவிருக்கும் தொடர்வண்டி)

ஒரே தொடர் இவற்றுள் பலவற்றைக் குறிக்கவும் கூடும். 'த டாக்டர்ஸ் போட்டோகிராஃப்' என்பது மருத்துவர் எடுத்த ஒளிப்படமாகவோ, அவரைக் காட்டும் ஒளிப்படமாகவோ, அவர் விலைக்கு வாங்கிய ஒளிப்படமாகவோ இருக்கலாம். காப்புரிமைச் சட்டத்தில் இவ்வேறுபாடு முக்கியமானது. ஒளிப்படத்தின் படி ஒன்றை வைத்திருப்பவருக்கோ அதில் தோன்றுபவருக்கோ அக்காரணத்தால் மட்டும் அதன் காப்புரிமை கிடைப்பதில்லை.

வரலாறு

பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை உருபுகள் பல இருந்தன. உடைமையைக் காட்டும் உருபு பெயரின் பாலுக்கும் வகைக்கும் ஏற்ப மாறியது. ஆண்பால், அலிப்பால் பெயர்களில் பெரும்பாலானவை 'எஸ்' என்ற ஒலியில் முடியும் உருபை ஏற்றன. பெண்பால் பெயர்களுக்கும் வேறு சில வகைகளுக்கும் தனி உருபுகள் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் எஸ் உருபே ஏறக்குறைய எல்லாப் பெயர்களுக்கும் பரவியது. மார்ச் 25 இல் வரும் கிறித்தவத் திருநாள் எஸ் இன்றி 'லேடி டே' என வழங்குவது, எஸ் ஏற்காத பழைய பெண்பால் வடிவத்தின் எச்சமாகும்.

16, 17 ஆம் நூற்றாண்டுகளில் எஸ் உருபுக்குப் பதிலாக 'ஹிஸ்' (அவனுடைய) என்ற சொல்லைத் தனியாக எழுதும் வழக்கமும் இருந்தது. 1603 இல் மேடையேறி 1605 இல் அச்சான பென் ஜான்சனின் 'செஜானஸ் ஹிஸ் ஃபால்' (செஜானசின் வீழ்ச்சி) என்னும் நாடகத்தின் தலைப்பு இதற்குச் சான்று. எஸ் விகுதியே 'ஹிஸ்' என்பதன் குறுக்கம் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. சாமுவேல் ஜான்சன் 1755 இல் வெளியிட்ட தம் அகராதியின் இலக்கணப் பகுதியில் இதனை மறுத்தார். பெண்பால் பெயர்களோடும் எஸ் வருவதால், 'அவனுடைய' என்ற பொருள் அங்குப் பொருந்தாது என்பது அவரது வாதம்.

மேற்குறி 16 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அது விடுபட்ட எழுத்தைக் காட்டவே பயன்பட்டது. ஒருமை உடைமைக்கு அதைப் பயன்படுத்துவது 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும், பன்மை உடைமைக்குப் பயன்படுத்துவது 18 ஆம் நூற்றாண்டிலும் நிலைபெற்றன.

'இட்ஸ்' என்னும் சொல் மிகவும் பிந்தியது. அதற்கு முன் அஃறிணைக்கும் 'ஹிஸ்' வழங்கியது. 1611 இல் அச்சான கிங் சேம்சு விவிலியத்தின் முதற்பதிப்பில் 'இட்ஸ்' இடம்பெறவில்லை. இன்றைய அச்சுகளில் லேவியராகமத்தின் 25 ஆம் அதிகாரத்தில் காணப்படும் ஒரே இடம் பின்னர் சேர்க்கப்பட்ட திருத்தமாகும்.

மேற்குறி தொடர்பான சிக்கல்கள்

'அதனுடைய' என்னும் பொருளில் வரும் 'இட்ஸ்' மேற்குறி இன்றி எழுதப்படும். 'அது ஆகும்' என்பதன் குறுக்கமான 'இட்ஸ்' மேற்குறியுடன் எழுதப்படும். பெயர்ச்சொல்லின் உடைமைக்கு மேற்குறி தேவைப்படுவதால் இங்கும் தேவை எனப் பலர் கருதுகின்றனர். 'ஹிஸ்', 'ஹர்ஸ்', 'ஔர்ஸ்', 'தேர்ஸ்' ஆகிய எவற்றிலும் மேற்குறி இல்லை என்பதை நினைவில் கொண்டால் இப்பிழையைத் தவிர்க்கலாம்.

இடப்பெயர்களில் மேற்குறி வேண்டுமா என்பது நீண்டகால விவாதம். 1890 இல் நிறுவப்பட்ட ஐக்கிய அமெரிக்காவின் புவியியற் பெயர்கள் வாரியம் இடப்பெயர்களில் மேற்குறியை ஏற்பதில்லை என்பதைக் கொள்கையாகக் கொண்டது. ஒரு பெயர் இடத்தின் அடையாளமாக மாறியபின் அதில் உடைமைப் பொருள் தேவையில்லை என்பது வாரியம் கூறும் காரணம். செபுலன் பைக் என்பவரின் பெயரால் வழங்கும் 'பைக்ஸ் பீக்' மலைமுடி மேற்குறி இன்றியே எழுதப்படுகிறது. மாசச்சூசெட்சைச் சேர்ந்த 'மார்த்தாஸ் வினியார்ட்' தீவு 1933 இல் மேற்குறியை மீண்டும் பெற்றது. அது வாரியம் அளித்த மிகச்சில விலக்குகளுள் ஒன்று.

இங்கிலாந்தில் 2009 இல் பர்மிங்காம் நகர மன்றம் தன் தெருப் பலகைகளில் மேற்குறியைக் கைவிடுவதை உறுதிசெய்தது. மேற்குறியின் முறையான பயன்பாட்டை வலியுறுத்த, ஓய்வுபெற்ற இதழாளரான சான் ரிச்சர்ட்சு 2001 இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 2019 இல் தம் 96 ஆம் வயதில் அவர் அதனைக் கலைப்பதாக அறிவித்தார். பின்னர் 2022 இல் அது வேறொருவரின் பொறுப்பில் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

இலக்கணமும் சட்டமும்

இலக்கணம் கூறும் உடைமையும் சட்டம் ஏற்கும் உரிமையும் வேறுபட்டதற்கு இங்கிலாந்தின் திருமணச் சட்டம் தெளிவான எடுத்துக்காட்டு. வில்லியம் பிளாக்சுடன் 1765 முதல் 1769 வரை வெளியிட்ட சட்ட விளக்க நூலில், கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள் என்னும் கோட்பாட்டை விளக்கினார். இதன்படி, திருமணமான பெண்ணின் பணம், அணிகலன், தட்டுமுட்டுப் பொருள்கள் ஆகியவை பொதுவாகக் கணவனுக்கு உரியனவாயின. அவளுடைய நிலத்தின் வருவாயும் திருமணம் நீடிக்கும்வரை அவனுடைய ஆளுகையில் இருந்தது. செல்வர்கள் தம் மகளிருக்காகத் தனி அறக்கட்டளைகளை ஏற்படுத்தி இதனை ஓரளவு தவிர்த்தனர். ஏனைய பெண்களுக்கு 'ஹர் மணி' (அவளுடைய பணம்) என்பது பேச்சில் மட்டுமே உண்மையாக இருந்தது.

எழுத்தாளர் கரோலின் நார்ட்டன் (1808–1877) இதனை நேரடியாக எதிர்கொண்டவர். 1836 இல் கணவரைப் பிரிந்த பின்னரும், அவர் எழுதி ஈட்டிய பணத்துக்குச் சட்டப்படி கணவரே உரியவராக இருந்தார். அவருடைய மூன்று மகன்களும் தந்தையின் பொறுப்பிலேயே வைக்கப்பட்டனர். 'அவருடைய நூல்கள்', 'அவருடைய பிள்ளைகள்' என்னும் இரு தொடர்களும் இலக்கணப்படி பிழையற்றவை. சட்டப்படி இரண்டுக்கும் வலு இல்லை. அவரது முயற்சியும் துணைநின்று, 1839 இல் குழந்தைகள் பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. அது ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தம் பொறுப்பில் கேட்டுத் தாய்மார் நீதிமன்றத்தை அணுக வழிசெய்தது. 1870 ஆம் ஆண்டின் சட்டம் மனைவி ஈட்டும் ஊதியத்தை அவளுக்கே உரியதாக்கியது. 1882 ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம், அவள் தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் விற்கவும் உரிமை அளித்தது. வர்ஜீனியா ஊல்ஃப் 1929 இல் வெளியிட்ட 'எ ரூம் ஆஃப் வன்ஸ் ஓன்' என்னும் கட்டுரை நூலின் தலைப்பில் 'ஓன்' என்ற சொல் இடம்பெறுவது இப்பின்னணியில் நோக்கத்தக்கது. புனைகதை எழுத ஒரு பெண்ணுக்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்பது அந்நூலின் வாதம்.

அடிமைமுறை இதற்கு எதிர்ப்புற எடுத்துக்காட்டு. 'மை டாக்டர்' (என் மருத்துவர்) என்பவர் மருத்துவரைச் சொத்தாகக் கொண்டவர் அல்லர். ஆனால் பிரித்தானியக் குடியேற்றங்களில் தோட்ட முதலாளி ஒருவர் 'மை ஸ்லேவ்' (என் அடிமை) என்றபோது, அதே 'மை' சொத்துரிமையை நேரடியாகவே குறித்தது. 1833 ஆம் ஆண்டின் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் முதலாளிகளின் 'இழப்புக்கு' ஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அடிமைகளாக இருந்தோருக்கு இழப்பீடு எதுவும் வழங்கப்படவில்லை. இச்சட்டம் 1834 ஆகத்து 1 இல் நடைமுறைக்கு வந்தது.

தமிழுடன் ஒப்பீடு

தமிழில் இத்தொடர்புகள் ஆறாம் வேற்றுமைக்கு உரியவை. தமிழ் இலக்கணிகள் இதன் பொருளைக் 'கிழமை' என்று பெயரிட்டனர். தொல்காப்பியம் ஆறாம் வேற்றுமை வரும் தொடர்புகளைப் பட்டியலிடும்போது, முறைமை, வினை, குழு முதலிய பலவற்றுள் ஒன்றாகவே 'உடைமை' என்பதைச் சேர்க்கிறது. நன்னூல் கிழமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாகப் பகுக்கிறது. 'சாத்தனது கை' பிரிக்கவியலாத தற்கிழமை. 'முருகனது வேல்' பிரிக்கக்கூடிய பிறிதின்கிழமை. இன்றைய மொழியியலும் உலக மொழிகளின் உடைமைத் தொடர்களை ஆராயும்போது இத்தகைய பாகுபாட்டைக் கையாள்கிறது. ஆங்கிலத்தின் உடைமை வடிவங்கள் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

'அது' என்பது அஃறிணை ஒருமைக்கு உரிய உருபு. ஆகவே 'எனது வீடு' எனலாம், 'எனது மகன்' என்றல் கூடாது, 'என் மகன்' என்றே கூறவேண்டும் என்பது பழைய இலக்கண மரபு. இன்றைய வழக்கில் இவ்விதி பெரும்பாலும் பின்பற்றப்படுவதில்லை. ஆங்கிலத்தில் வீட்டுக்கும் மகனுக்கும் 'மை' ஒன்றே.

ஆங்கிலம் கற்கும் தமிழர் கவனிக்கவேண்டிய வேறு சில வேறுபாடுகள்:

- ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்னும் ஒரே வினை வரும் இடத்தில், தமிழில் 'எனக்குத் தம்பி உண்டு', 'என்னிடம் பேனா உள்ளது' என உருபு மாறுகிறது.
- நமது, எங்கள் என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. 'ஔர் வில்லேஜ்' என்பது கேட்பவரின் ஊரும் ஆகுமா என்பதைச் சூழலே காட்டும்.
- தமிழர் 'எங்கள் அம்மா', 'எங்கள் வீடு' என்று பன்மையில் கூறும் இடங்களில், ஆங்கிலத்தில் 'மை' என ஒருமையே பெரும்பாலும் வரும்.
- உடலுறுப்புகளுடன் ஆங்கிலத்தில் உடைமை வடிவம் வருவதே இயல்பு: 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்'. தமிழில் 'கை கழுவு' என்றாலே போதும். 'உன் கைகளைக் கழுவு' என்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் சாயல் கொண்டது.

இவற்றையும் பார்க்கவும்

- ஆறாம் வேற்றுமை
- ஆங்கில இலக்கணம்
- பழைய ஆங்கிலம்
- நன்னூல்
- மணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1882